சூரியகாந்தித் தலை

எனக்கு எட்டு வயது நடந்தபோது, பேஸ்புக்கில் என் தலை ஒரு சூரியகாந்திப் பூவாக இருந்தது.

அது சாச்சியின் வேலை. சாச்சி உம்மாவின் தங்கை. பக்கத்து வீட்டில் இருந்தார். கட்டாரிலிருந்து அவருடைய கணவர், சாச்சா, அனுப்பிய நல்ல போன் எங்கள் குடும்பத்திலேயே அவரிடம் மட்டும்தான் இருந்தது. உம்மா மாத்தளை டவுனுக்கு வெளியே ஒரு கார்மென்ட் பக்டரியில் வேலை செய்தார். விடியக்காலையில் கம்பனி பஸ் வந்து ஹோர்ன் அடிக்கும்போது நான் தூக்கத்தில் இருப்பேன். அவர் திரும்பி வரும்போது மஃரிபுக்குப் பாங்கு சொல்லி முடிந்து இருட்டியிருக்கும். கிழமையில் ஆறு நாளும் இப்படித்தான். அங்கே உம்மாவுக்குக் கொடுத்திருந்த வேலை சட்டைக்கு இடது கை பொருத்துவது மட்டும். வலது கையை அடுத்த மெஷினில் இருப்பவர் பொருத்துவார்.

"இத்தன வருஷமா இடது கை மட்டும் தச்சிட்டு ஈக்கிறேன். ஒரு சட்ட எப்படி முடியுதுண்டே எனக்கு மறந்து போச்சி" என்று உம்மா சிரிப்பார்.

ஒன்றையாவது முழுதாகத் தைத்து முடிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பெண் பிள்ளைகளுக்குத் தொழுகை உடுப்புத் தைக்கத் தொடங்கினார். தலையிலிருந்து கணுக்கால் வரை மூடுகிற வெள்ளை அங்கி, ஓரத்தில் சின்னதாக ஒரு ரேந்தைப் பின்னல். சாச்சி படம் பிடித்து பேஸ்புக்கில் போடுவார். ஓடர் வந்தால் வாப்பா பார்சலைத் தபாலில் சேர்ப்பார். வாப்பா இரத்தோட்டைப் பக்கம் போய் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறவர். மிளகைக் கடித்துப் பார்க்காமல் சாக்கில் கை வைக்க மாட்டார். அவருக்கு இந்தத் தொழில் பிடிபடவே இல்லை. "மொகம் தெரியாத ஆக்களோட என்ன யாவாரம்?" என்று கேட்டுக்கொண்டே பார்சலை எடுத்துக்கொண்டு போவார்.

உடுப்பைப் போட்டுக் காட்ட வீட்டில் இருந்த ஒரே பெண் பிள்ளை நான். ஆனால் பிள்ளையின் முகத்தை ஊர் உலகத்துக்குக் காட்டக் கூடாது என்பதில் உம்மா உறுதியாக இருந்தார். அதனால் சாச்சி முதல் படத்தில் என் முகத்தின் மேல் போனில் இருந்த ஒரு பூனைத் தலையை ஒட்டினார்.

"தொழுற உடுப்புக்குப் பூனத் தலயா? ஒனக்கு அறிவு ஈக்கிதா?"

"சரி சரி, பூ போடுறேன் ராத்தா. சூரியகாந்தி நல்லம். வட்டமா ஈக்கிது, காதும் மறஞ்சிரும்."

இப்படி எனக்குப் பூத்தலை வந்தது. குர்ஆன் மதரஸாவில் பிள்ளைகள் என்னை "பூக்காரி" என்றார்கள். நான் கோபிக்கவில்லை. ஏனென்றால் உம்மா எனக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்.

"மாசத்துக்கு இருவது உடுப்பு போகட்டும் மகள். உம்மா வேலய விட்டுட்டு ஊட்டோட ஈப்பேன். நானே ஒங்களுக்குத் தல பின்னி ஸ்கூலுக்கு அனுப்புவேன்."

என் தலையை அப்போது நானே பின்னிக்கொள்வேன். வகிடு எப்போதும் ஒரு பக்கம் வளைந்து போகும். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் இரண்டு கையையும் ஏந்தி "யா அல்லாஹ், இருபது உடுப்பு" என்று கேட்பேன். வேறொன்றும் கேட்கத் தெரியாது.

நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதத்தில் முன்பின் தெரியாத ஒரு மாமி வந்தார். வந்தார் என்றால் போனில். கிழக்குப் பக்கத்தில் ஒரு ஊர். அவருடைய பெயருக்குப் பக்கத்தில் முகம் இல்லை, சாத்திய ஜன்னல் ஒன்றின் படம்தான் இருந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு உடுப்பு வேண்டும் என்று அளவெல்லாம் எழுதியிருந்தார். உடுப்பின் இடது கை மட்டும் ஒரு அங்குலம் கட்டையாக இருக்க வேண்டுமாம். கடைசியில் இன்னொன்றும் எழுதியிருந்தார். சாச்சி சத்தமாக வாசித்தார்.

"படத்துல ஈக்கிற பிள்ள ஒருக்கா அத உடுத்தித் தொழட்டும். தொழுத பொறகு கழுவாம அனுப்புங்க."

"பரக்கத்துக்குக் கேக்கிறா போல, சின்னப் பிள்ள தொழுத உடுப்பு தானே" என்றார் உம்மா.

பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு நான் அந்த உடுப்போடு இரண்டு ரக்அத் தொழுதேன். நெற்றியைத் தரையில் வைக்க சுஜூதுக்குப் போகும்போது இடது மணிக்கட்டு உடுப்பின் கையை விட்டு வெளியே வந்து சீமெந்துத் தரையில் பட்டது. சில்லென்று இருந்தது. அந்தக் கை மட்டும் என்னுடையது இல்லை போல ஒரு நினைப்பு. தொழுது எழும்பியதும் உம்மா உடுப்பைக் கழற்றி, மடித்து, பார்சலில் போட்டு ஒட்டினார். என் சூடு ஆறும் முன்பே அது வீட்டை விட்டுப் போனது.

நோன்பு மாதத்தில் அதே மாமி அதே அளவில் இன்னொன்று கேட்டார். அவர் சொல்லி அந்த ஊரிலிருந்து வேறு பெண்களும் கேட்கத் தொடங்கினார்கள். மாத எண்ணிக்கை பன்னிரண்டு ஆனது, பதினாறு ஆனது. சாச்சி அவரை "எங்கட தூண்" என்றார். ஆனால் மூன்றாவது உடுப்பின் படத்தைப் பார்த்துவிட்டு அந்தத் தூண் இப்படி எழுதியது:

"அவக்குச் செருப்புப் போட்டு உடுங்க. வெறும் சீமெந்துல நிண்டா இழுப்பு வரும்."

எனக்கு அந்தக் கிழமை முழுக்க நெஞ்சில் சளி கட்டி இருமலாக இருந்தது. அதை நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. உம்மா உள்ளே போய் என் செருப்பை எடுத்து வந்து காலடியில் வைத்தார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாமி கேட்டதும் அதே எட்டு வயது அளவுதான். அதற்குள் நான் வளர்ந்துவிட்டேன். அங்கி கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றது. "மொழங்கால கொஞ்சம் மடிச்சி நில்லுங்க மகள், உள்ளுக்குத் தானே, ஆருக்கும் வெளங்காது" என்றார் உம்மா. நான் மடித்துக்கொண்டு நின்றேன். சாச்சி படத்தை அனுப்பினார். பதில் உடனே வந்தது.

"அவ ஏன் மொழங்கால மடிச்சிட்டு நிக்கிறா? கால் நோகுதா?"

சாச்சி போனைக் கீழே வைத்துவிட்டார். "ராத்தா, உள்ளுக்கு மடிச்சது இவக்கு எப்படித் தெரியும்?"

உம்மா காவலுக்கு ஆயத்துல் குர்ஸி ஓதி என் தலையில் ஊதினார். ஆனால் உடுப்பை அனுப்பாமல் விடவில்லை. எண்ணிக்கை பத்தொன்பதில் நின்றது. வேலையை விடுவதற்கான கடிதத்தைக்கூட உம்மா சிங்களத்தில் எழுதுவித்து, மடித்து, குர்ஆன் வைக்கும் சுவர்த் தட்டில் வைத்திருந்தார். நான் தினமும் எழும்பியதும் போய் அந்தக் கடிதம் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

ஆனால் பயம் என்னை விடவில்லை. அந்த மாமி எப்போதும் "அவ" என்றுதான் எழுதினார். அந்த "அவ" நான் இல்லை என்று எனக்குத் தோன்றியது. தூரத்து ஊரில், சாத்திய ஜன்னலுக்குள், பூத்தலையோடு ஒரு பிள்ளை நிற்கிறாள். அவள் என் உடுப்புகளைப் போடுகிறாள், என் தொழுகையையும் வாங்கிக்கொள்கிறாள். நான் வளர்கிறேன், அவள் வளர்வதில்லை. அலுமாரிக் கண்ணாடியைக் கடக்கும்போது முகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன், இதழ் ஏதும் முளைத்திருக்கிறதா என்று.

ஹஜ்ஜுக்கு அடுத்த முஹர்ரம் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஐந்தாவது உடுப்போடு தொழுது முடித்து நின்றேன். சாச்சி படம் எடுத்தார், பூவை இன்னும் ஒட்டவில்லை. அப்போது மழை பிடித்தது. முற்றத்தில் வாப்பாவின் கராம்பு காய்ந்துகொண்டிருந்தது. சாச்சியும் உம்மாவும் பாயைச் சுருட்ட ஓடினார்கள். போன் சாச்சி உட்கார்ந்திருந்த கதிரையில் கிடந்தது.

எப்படி அனுப்புவது என்று பார்த்துப் பார்த்து எனக்குப் பழக்கம். பூ இல்லாத படத்தை அந்த மாமிக்கு அனுப்பினேன். இது நான்தான், எனக்கு முகம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டால், அந்த மற்றப் பிள்ளை போய்விடுவாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் மாமிக்கு என் மேல் இன்னும் விருப்பம் வரும் என்றும் நினைத்தேன். படத்தில் நான் நன்றாகச் சிரித்துக்கொண்டுதான் நின்றிருந்தேன்.

அவர் எழுதுவதற்கு அடையாளமாக மூன்று புள்ளிகள் ஆடின. நின்றன. மறுபடி ஆடின. வெளியே ஓட்டில் மழை கொட்டியது. நான் கதிரைக்குப் பக்கத்தில் அந்த உடுப்போடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வந்தது.

"இது அவ இல்ல."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. சாச்சி மன்னிப்புக் கேட்டு எழுதினார், சலாம் சொல்லி எழுதினார். பதில் இல்லை. சாத்திய ஜன்னலும் ஒரு நாள் போனிலிருந்து மறைந்துபோனது. அவர் சொல்லி வந்த பெண்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். என்னை யாரும் ஏசவில்லை. ஒரு நாள் காலை எழும்பிப் பார்த்தபோது தட்டில் கடிதம் இல்லை. கம்பனி பஸ் போயிருந்தது. உம்மா போன வருடம் வரைக்கும் இடது கை பொருத்திக்கொண்டுதான் இருந்தார்.

என் மகள் பிறந்து நாற்பது நாள் கழிந்த பிறகுதான் உம்மா எனக்கு மிச்சத்தைச் சொன்னார். அந்த ஊர்ப் பெண் ஒருவர் மாத்தளையில் ஒரு கலியாணத்துக்கு வந்தபோது சொன்னதாம். அந்த மாமியின் ஒரே மகள் எட்டு வயதில் மூச்சு இழுப்பு வந்து மௌத்தாகி அடக்கமாகியிருந்தாள், எங்களிடம் முதல் உடுப்புக் கேட்கும் முன்பே. அவளுக்குப் பிறவியிலேயே இடது கை கொஞ்சம் கட்டை. நாங்கள் அனுப்பிய நான்கு உடுப்பும் ஒரு அறையில் கொக்கியில் தொங்கினவாம். யாரும் உடுத்தவில்லை, கழுவவும் இல்லை. பூவுக்குப் பின்னால் எந்த முகம் இருந்தது என்று அந்தத் தாய்க்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. நான் அதை எடுத்துவிட்டேன். முழங்கால் விஷயம் மட்டும் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அதை அல்லாஹ் ஒருவனே அறிவான். ஐந்தாவது உடுப்பு இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தத் தாய்க்காகவும் பிள்ளைக்காகவும் துஆ கேட்கிறேன்.

ஆனால் அன்றைக்கு எட்டு வயதில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? மழை விட்ட பிறகு அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, என் முகத்தில் என்ன பிழை என்று தேடினேன். மேல் முன்பல் ஒன்று விழுந்து அந்த இடம் ஓட்டையாக இருந்தது. அதனால்தான் மாமிக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்தேன். பல் முளைத்ததும் இன்னொரு படம் அனுப்பினால் மாமி திரும்பி வந்துவிடுவார், உம்மா வீட்டோடு இருப்பார். அதை நினைத்துக்கொண்டு, காலையில் நானே தலை பின்னும்போதெல்லாம், நாக்கை மேல் ஈறில் வைத்து ஏதாவது குத்துகிறதா என்று தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.