மூன்று மணி பத்து நிமிடம்

அந்த டிக்கெட் கடையில் அவளுக்கு 'கிலோமீட்டர் அக்கா' என்றுதான் பெயர். எந்த இரண்டு விமான நிலையத்தைச் சொன்னாலும் இடையே எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று கணினியைத் தொடாமலே சொல்லிவிடுவாள். அவளுடைய சொந்த ஊருக்கு இரண்டாயிரத்து நூற்று நாற்பது கிலோமீட்டர், மூன்று மணி பத்து நிமிடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். சொல்லி என்ன பிரயோஜனம்? இந்த நாட்டுக்கு வந்து நாலு வருஷமாகிறது, ஒருமுறைகூட ஊருக்குப் போனதில்லை.

போக விட்டால்தானே! வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி அவள் பாஸ்போர்ட்டை வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டார். "பத்திரமா இருக்கட்டும்மா. நீ என் பொண்ணு மாதிரி" என்றார். பெற்ற பெண்ணின் பாஸ்போர்ட்டை எந்தப் புண்ணியவான் பூட்டி வைக்கிறான்? கேட்டால், சீசன் முடியட்டும் என்பார். அந்தக் கடையில் சீசன் முடிந்ததாகச் சரித்திரமே கிடையாது.

ஊரில் அவள் மகள் பெரியம்மா வீட்டில் வளர்கிறாள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கடை எண்ணையும் அங்கே கொடுத்து வைத்திருந்தாள். சனிக்கிழமை ஒன்பதாவது பிறந்தநாள். "இந்தத் தடவை கண்டிப்பா வரேன்டி தங்கம், பத்து மணி ஃப்ளைட்டு" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த கையோடு தன் பெயரில் ஒரு இருக்கையும் பிடித்து வைத்தாள். வெள்ளி மாலை ஐந்துக்குள் உறுதி செய்யாவிட்டால் அது தானாகவே ரத்தாகிவிடும்.

வெள்ளி நாலு மணிக்கு முதலாளி முன்னால் போய் நின்றாள். "அஞ்சே நாள் சார். நான் என்ன ஓடியா போயிடப் போறேன்?"

அவர் தலையே தூக்கவில்லை. "போனவங்க எல்லாருமே அப்படித்தாம்மா சொன்னாங்க. அடுத்த வருஷம் பாப்போம்."

பெட்டியைத் தூக்கி அவர் தலையில் போடலாமா என்றிருந்தது. அதைத் தூக்க நாலு ஆள் வேண்டும். ஐந்து மணிக்கு இருக்கை போயே போய்விட்டது. பிள்ளையிடம் சொல்ல வாய் வராமல் தன் செல்போனை அணைத்துப் பையில் போட்டாள்.

சனிக்கிழமை கடையில் திருவிழாக் கூட்டம். மேஜையில் இருந்த கடை போன் ஓயவில்லை. அதற்கென்று அவளிடம் ஒரு குரல் உண்டு, மெல்லியதாய், மரியாதையாய், யாருடையதோ போல. பத்தே காலுக்கு மறுபடி அடித்தது. எதிரே ஒருவர் காது கேட்காதபடி கத்திக்கொண்டிருக்க, ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு எடுத்தாள்.

"ஆன்ட்டி, எங்க ஊருக்கு வர்ற பத்து மணி ஃப்ளைட்டு கிளம்பிடுச்சா?" என்று ஊர்ப் பெயரையும் சொன்னது ஒரு குழந்தை.

"சரியான நேரத்துக்குக் கிளம்பிடுச்சும்மா. மூணு மணி பத்து நிமிஷத்துல இறங்கிடும்."

"தேங்க்ஸ் ஆன்ட்டி!" அடுத்த நொடி, போனுக்கு அப்பால் ஒரு கூச்சல்: "பெரியம்மா, நான் சொன்னேன்ல? அம்மா ஃப்ளைட்ல இருக்காங்க, அதான் போன் ஆஃப்!"

ரிசீவர் தோளிலிருந்து நழுவியது. பாய்ந்து பிடித்துக் காதில் வைப்பதற்குள் இணைப்பு போய்விட்டது. ஊரில் தன் அக்கா வீட்டு எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். பிஸி. பிள்ளை யார் யாருக்கோ செய்தி சொல்லிக்கொண்டிருந்தது.