பதிவேட்டில் செத்தவள்

எழுபத்தாறாம் வருஷம் ஆடி மாதம், கொழிஞ்சாம்பாறை வீட்டு வாசலில் ஒரு கிழவி வந்து நின்றபோது சாந்தம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. பெற்றவள். மூக்கம்மாள். இருபத்தாறு வருஷம் கழித்து வந்திருக்கிறாள்.

சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்தில் புருஷனைப் பறிகொடுத்ததும், இரண்டு ஆண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஐந்து வயதுப் பெண்ணை மட்டும் பிள்ளையில்லாத லாரிக்காரருக்குத் தூக்கிக் கொடுத்தவள். லாரி கிளம்பிய காலையில் ரோட்டுக்கு மேலே கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள். குழந்தை "யம்மா, யம்மா" என்று தொண்டை கிழியக் கத்தியும் தலையைத் தூக்கவில்லை. லாரிக்காரர் பெண்டாட்டி வள்ளியாத்தாள் சாந்தம்மாள் என்று பேரை மாற்றி, ஒரு குறையும் வைக்காமல்தான் வளர்த்தாள். ஆனாலும் அந்தக் குனிந்த தலையை சாந்தம்மாள் மறக்கவில்லை.

"பெரியவன் போய்ச் சேந்துட்டான் தாயி. சின்னவன் பம்பாய்க்குப் போனவன் திரும்பல. எனக்கும் வயசாகி வேலை முடிஞ்சிருச்சு. பிள்ளைன்னு ஒருத்தர் பேரு வேலைக்குப் பதிஞ்சாத்தான் தோட்டத்து லயத்து வீடு எனக்கு நிக்கும். இல்லேன்னா இந்த மாசமே காலி பண்ணணும்."

"என்ற பேருதான் அங்க இருக்குமே?"

கிழவி தரையைப் பார்த்தாள். "பிள்ளை எங்கன்னு ஆபீஸ்ல கேட்டாக. குடுத்துட்டேன்னு சொல்ல நாக்கு வரல. காய்ச்சல்ல செத்துப்போச்சுன்னு எழுத வச்சிட்டேன். நீ வந்து, உசிரோட இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு."

சாந்தம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "வாரனுங்க," என்றாள். வாசலுக்கு வரும் வளையல்காரியிடம் பேசுகிற மரியாதை. கிழவிக்கு அது உறைக்கவில்லை. சந்தோஷத்தில் அழுதாள்.

வள்ளியாத்தாளுக்கு உறைத்தது. "கண்ணு, நல்ல வார்த்தையாச் சொல்லிப்போட்டு வா. அவளுக்கு வேற ஊடு ஏது?" என்று பஸ் ஏறும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

உடுமலை, மறையூர், மூணாறு. உடுமலை பஸ் ஸ்டாண்டில் மூக்கம்மாள் முறுக்கு வாங்கிக் கொடுத்தாள். சாந்தம்மாள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், தின்னவில்லை. சொல்லப்போவதை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் இனித்தது.

தோட்டத்து ஆபீஸில் மலையாளத்துக் கிளார்க் பழைய பதிவேட்டைப் புரட்டினார். 'சின்னத்தாய்' என்ற பெயர்மேல் சிவப்புக் கோடு.

"மரிச்சுப் போச்சுன்னு இருக்கே. இது ஆரு?"

"அந்தச் சின்னத்தாய்தான் அய்யா, எம் மக. நாந்தான் அன்னைக்குப் பொய் சொன்னேன்," என்று மூக்கம்மாள் கும்பிட்டாள்.

கிளார்க் பேனாவைத் திறந்துகொண்டு சாந்தம்மாளைப் பார்த்தார்.

"இந்தம்மா மக செத்துப்போயிட்டாளுங்க. அவங்களே எழுதி வெச்சிருக்காங்கல்ல? நான் கொழிஞ்சாம்பாறை வள்ளியாத்தா மக, சாந்தம்மா. வயசானவங்க தனியா வாராங்களேன்னு துணைக்கு வந்தனுங்க."

அவர் பேனாவை மூடிவிட்டார்.

மத்தியான பஸ், அன்றைக்கு லாரி போன அதே ரோட்டில் இறங்கியது. "சின்னத்தாயி, ஏ சின்னத்தாயி" என்று பின்னால் கிழவி கத்திக்கொண்டு ஓடிவருவது கேட்டது. சாந்தம்மாள் மடியிலிருந்த முறுக்குப் பொட்டலத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தலையைத் தூக்காமலிருக்கக் கழுத்து இவ்வளவு வலிக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

ஆனாலும் தூக்கவில்லை.