ஈஸ்டை விட்டுவிட்டு இங்கிலீஷ் திருத்தப் போன கதை

பெங்களூரைச் சுற்றிப் பார்க்க நினைப்பவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடலாம். முனைவர் பட்டத்தை வைத்துக்கொண்டு, ஆய்வகத்துக்கு வெளியே ஏதாவது வேலை கிடைக்காதா என்று ரயில் ஏறப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் போனது 2006 ஜூலையில். ஈஸ்ட் செல்களோடு ஒன்பது வருடம் குடித்தனம் நடத்தியவள் நான். நிரந்தர விஞ்ஞானி வேலைக்கான வயது வரம்பைத் தாண்டிவிட்டேன். தற்காலிக உதவித்தொகையும் அந்த மாதத்தோடு முடிந்தது.

காட்பாடியில் காலை பத்து மணிவாக்கில் ரயில். சுமார் 230 கிலோமீட்டர். ஒன்றரைக்கெல்லாம் கன்டோன்மென்ட்டில் இறங்கிவிட்டேன். ஜோலார்பேட்டையில் வாங்கிய வடை ஆறிப்போயிருந்தது, வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். அங்கிருந்து தோம்லூருக்கு ஆட்டோவில் ஐம்பத்தைந்து ரூபாய். ஓட்டுநர் நீலசந்திராக்காரர், நம் தமிழ்தான்.

"இன்டர்வியூவா மேடம்? சாஃப்ட்வேரா?"

"இல்லைங்க, நான் சயின்டிஸ்ட்."

"ராக்கெட்டா?"

"ஈஸ்ட்."

"பேக்கரில பன்னு மாவுல போடுவாங்களே, அதுவா? நல்ல பிசினஸாச்சே மேடம், ஏன் உடுறீங்க?"

சிரிப்பு வந்தது. 

வெளிநாட்டு விஞ்ஞானிகள் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளின் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுக்கும் அலுவலகம் அது. நேர்காணல் எடுத்தவர் ரெஜினா, மர்பி டவுன்காரர். மலேரியாக் கிருமியில் ஆராய்ச்சி செய்தவராம். ஒரு கட்டுரையைக் கொடுத்து ஒரு மணி நேரத்தில் திருத்தச் சொன்னார். பிரித்தால், ஈஸ்ட்! பசித்தவளுக்கு இலை போட்ட மாதிரி இருந்தது. இரண்டாம் பக்கத்திலேயே ஒப்பீட்டுச் சோதனை இல்லாததைக் கண்டுபிடித்தேன். அது இல்லாமல் அந்த முடிவு நிற்கவே நிற்காது. ஓரமெல்லாம் கேள்விகளாக எழுதித் தள்ளினேன். நேரம் முடிந்தபோது ஒரு காற்புள்ளியைக்கூடத் திருத்தியிருக்கவில்லை.

ரெஜினா பார்த்துவிட்டு, "இங்க வர்ற பிஎச்டிங்க எல்லாருமே ஃபர்ஸ்ட் இதத்தான் பண்ணுவாங்க. நானும் பண்ணேன்" என்றார். "அவங்க காசு கொடுக்கறது இங்கிலீஷுக்கு மட்டும். சயின்ஸ அவங்க பாத்துப்பாங்க. படிக்காதீங்கம்மா, திருத்துங்க. இன்னும் அரை மணி நேரம் எடுத்துக்கோங்க."

திருத்தினேன். நிற்காத அந்த முடிவைச் சொல்லும் வாக்கியம் கரடுமுரடாக இருந்தது. என் கையால் அதை வழவழப்பாக்கினேன். பொய் என்று தெரிந்தே செய்தேன். "சூப்பர், எப்ப ஜாயின் பண்றீங்க?" என்று ரெஜினா கை கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன்.

சரி, போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வாடகைக்கு ஈஜிபுரா பாருங்கள், தமிழ் பேசியே சமாளிக்கலாம். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பார்கள், மயக்கம் போட்டுவிடாதீர்கள். ஜூலையிலும் ஸ்வெட்டர் வேண்டும். தேர்வில் அறிவியல் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். சம்பளம் ஒன்றாம் தேதி வந்துவிடுகிறது. ஆய்வகத்தில் எனக்கு அப்படி ஒருநாளும் வந்ததில்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நானும் சந்தோஷமாக இருப்பதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வாரம், என் பழைய ஆய்வகத்தில் இன்னும் இருக்கும் கவிதா, தன் முதல் கட்டுரையை அனுப்பி, "அக்கா, ஒரு தடவை பாருங்க" என்று கேட்டிருந்தாள். அன்று மாலையே ஆங்கிலத்தைப் பளிச்சென்று ஆக்கி அனுப்பினேன். மறுநாள் போன் செய்தாள்.

"தேங்க்ஸ்க்கா. ஆனா மூணாவது படத்தையே அஞ்சாவதாவும் ஒட்டி வச்சிருந்தேன். காலைலதான் சார் பாத்துட்டுத் திட்டினாரு. உங்க கண்ணுல படாம போகாதே, ஏங்க்கா சொல்லல?"

தெரிந்தும் சொல்லாமல் விட்டேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு படங்களுக்கும் கீழே இருந்த வரிகளைத் திருத்தியவள் நான். படங்களைப் பார்க்கவே இல்லை.