ரீனா மகள் எங்கே படிக்கிறாள்

ரீனாவைத் தலைவி ஆக்கியதே என் வாய்தான். பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் பெற்றோரிலிருந்து ஒரு பெண் தலைவியாக வர வேண்டும் என்று தலைமையாசிரியை ஞானதீபம் டீச்சர் சொன்னதும், கூட்டத்துக்கு வந்திருந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். கையில் கரண்டியோடு வாசலில் நின்றபடி, "ஏன், நம்ம ரீனா இல்லையா? அவளுக்கென்ன வாய் இல்லையா?" என்று கத்திவிட்டேன். எனக்கு எதையும் மெதுவாகச் சொல்ல வராது.

ரீனா ஏழாயிரம்பண்ணைக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடியை அடுக்கிப் பெட்டி போடுகிற வேலைக்குப் போகிறாள். புருஷன் சாலமன்ராஜ் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். மகன் ஜெப்ரின் எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு. மகள் ஜெஸ்லின் அப்போது அங்கன்வாடியில் இருந்தாள். எங்கள் ஊரில் எல்லாருக்கும் உள்ள வாழ்க்கைதான் அவளுக்கும். ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

முதல் கூட்டத்திலேயே ஆரம்பித்துவிட்டாள். "மாசாமாசம் வெள்ளிக்கிழமை மூணு மணிக்குக் கூட்டம் போட்டா யாரு டீச்சர் வருவா? ஊரே கம்பெனியில கெடக்கு. இங்கன ஆடுதான் நிக்கி. ஆட்டுக்கா கூட்டம் போடுதீக?"

டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைக் கூட்டம் பேருக்கு நடக்கும். உண்மையான கூட்டம் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம், கம்பெனி வேன்கள் வந்து நிற்கும்போது நடக்கும். இறங்குகிற பெண்களை ரீனா வழிமறித்து நிறுத்திக்கொள்வாள். "பாத்ரூமுக்குத் தண்ணி வந்திருச்சு. கொழாயத் திறந்து பாத்துட்டுத்தான் சொல்றேன். காம்பவுண்டுச் சுவரு இந்த வருசம் கெடையாதாம். அடுத்த வருசமும் சந்தேகந்தான். போன வாரம் கொழாய ஒடைச்சது யாருன்னு கேட்டீகள்ல? எம்மவன் ஜெப்ரின்தான். நாலு சாத்து சாத்திருக்கேன்."

இவளுக்கு முன்னால் இருந்தவர்கள் எதைக் கேட்டாலும் 'வந்துரும், வந்துரும்' என்பார்கள். ஒன்றும் வராது. இவளோ வராததை வராது என்றே சொன்னாள். ஜனங்களுக்கு அதுதான் பிடித்துப்போனது. அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்ற பேச்சு ஊரில் வந்துவிட்டது. நானும் ஏதோ என் சொந்தத் தங்கச்சி மாதிரி பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

போன கோடையில்தான் பிரச்சினை ஆரம்பித்தது. ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளைகள் சேரவில்லை. சாத்தூர் ரோட்டில் இருக்கிற இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து மஞ்சள் வேன் மெயின் ரோடு வரைக்கும் வரத் தொடங்கியிருந்தது. பிள்ளைகள் குறைந்தால் ஒரு டீச்சரை வேறு ஊருக்குத் தூக்கிவிடுவார்கள். அப்புறம் இரண்டு வகுப்பை ஒன்றாக உட்கார வைப்பார்கள். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் போவார்கள். எத்தனை பள்ளிக்கூடம் இப்படி மூடிக் கிடக்கிறது!

ரீனா ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்த கையோடு வீடு வீடாக இறங்கினாள். நானும் கூடப் போனேன். மளிகைக்கடை வைத்திருக்கிற சபியா, மகள் மஹ்ரீனை மஞ்சள் வேனில் அனுப்புவதாக முடிவே பண்ணியிருந்தாள். ரீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சபியா, எம்புள்ள ஜெஸ்லினும் உம்புள்ளயும் ஒரே வயசு. நம்ம பள்ளிக்கூடம் சரியில்லன்னா எம்புள்ளய நான் சேப்பனா? ரெண்டும் ஒண்ணா உக்காந்து படிக்கட்டும்" என்றாள். சபியா அந்த ஒரு சொல்லுக்காகத்தான் சேர்த்தாள். அவளைப் பார்த்து இன்னும் ஆறேழு வீடு சேர்த்தது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. மஹ்ரீன் வந்தாள். ஜெஸ்லின் வரவில்லை.

"மஞ்சக்காமாலைக்கா. மெயின் ரோட்டுப் பக்கம் நாத்தனார் வீட்டுல விட்டுருக்கேன். பத்தியம் முடியட்டும்" என்றாள் ரீனா. நான் ஒரு கிறுக்கி. வரப்பில் தேடித் தேடிக் கீழாநெல்லி பறித்து, அம்மியில் வைத்து அரைத்து, மோரோடு சேர்த்துக் கொடு என்று தூக்குவாளியில் அனுப்பினேன். ஒரு நாள் இல்லை, ஒரு வாரம். அவளும் வாங்கிக்கொண்டாள், பாவி.

ஒரு நாள் காலையில் கண் ஆஸ்பத்திரிக்குப் போக மெயின் ரோட்டுக்கு வந்தேன். பஸ் நிறுத்தத்துக் கட்டடத்தின் பின்னால் ஏதோ பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தால் ரீனா. முன்னால் ஜெஸ்லின், வீட்டுக் கவுனைக் கழற்றிப்போட்டுவிட்டு நிற்கிறாள். ரீனா அவசர அவசரமாக அவளுக்குப் புதுச் சீருடை மாட்டி, கழுத்தில் டை கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

எனக்கு வந்ததே கோபம்! "மஞ்சக்காமாலை எறங்கிருச்சோ?" என்றேன்.

"அக்கா, கத்தாதீக. மெதுவா..."

"என்னடி மெதுவா? ஊருக்குள்ள எல்லாப் புள்ளயையும் இழுத்துக் கொண்டாந்து அங்கன அடைச்சுட்டு, நீ மட்டும் இங்கன ஒளிச்சு வச்சு உடுப்பு மாத்துதியோ? வெக்கமா இல்ல?"

மஞ்சள் வேன் வந்தது. ஜெஸ்லின் ஏறி, சன்னல் வழியே எங்கள் இரண்டு பேருக்கும் டாட்டா காட்டினாள். வேன் போனதும் ரீனா அங்கேயே புழுதியில் உட்கார்ந்துவிட்டாள். மதுரையில் நர்ஸாக இருக்கிற அவள் அக்கா, சின்னவளை மட்டும் நான் படிக்க வைக்கிறேன் என்று சொல்லிப் பணமும் கட்டிவிட்டாளாம். "நானும் வேண்டாம்னுதாங்க்கா நெனச்சேன். ராத்திரியெல்லாம் யோசிச்சேன். நான் பெட்டி போடுத மாதிரி இவளும் போடணுமான்னு ஒரு எண்ணம் வந்துச்சு. அதுக்கு மேல என்னால முடியல. டெய்லி இவள ஏத்திவிட்டுட்டுத் திருடி மாதிரி ஓடுதேன். மானம் போகுதுக்கா. சபியா மொகத்த ஏறெடுத்துப் பாக்க முடியல."

கீழாநெல்லி நினைவு வந்தது எனக்கு. இன்னும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் அவள் அழுத அழுகையில் வாய் வரவில்லை. "நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன். நீயே சொல்லிரு. மத்ததையெல்லாம் சொன்னேல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் சொன்னாள். கம்பெனி வேன் விட்டு இறங்கினவர்களை எப்போதும்போல நிறுத்தினாள். சபியாவையும் கடையிலிருந்து கூப்பிட்டு வைத்திருந்தாள். குரல் மட்டும் எப்போதும்போல இல்லை. "ஜெஸ்லினுக்குக் காமாலை எல்லாம் ஒண்ணும் கெடையாது. மஞ்ச வேன்லதான் போறா. ஒங்கள எல்லாம் சேக்கச் சொல்லிட்டு நான் இப்படிப் பண்ணிட்டேன். யாரும் என்னய நல்லவன்னு நெனைக்காதீக." சொல்லும்போது தலை நிமிரவேயில்லை. கூனிக்குறுகி நின்றாள்.

சபியா கிழித்தெடுத்துவிடுவாள் என்று நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. "அதுக்கென்னக்கா, அவுங்கவுங்க புள்ள" என்றாள் சபியா. எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். ஆத்தாடி, இம்புட்டுத்தானா என்று எனக்கு மூச்சு வந்தது. ரீனாவும் அன்று ராத்திரிதான் ஒழுங்காகச் சாப்பிட்டாளாம்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. சபியா பள்ளிக்கூடத்துக்கு வந்து மஹ்ரீனுக்கு டி.சி. கேட்டாள். டீச்சர் பதறிப்போய்க் காரணம் கேட்டதற்கு, அவள் கோபமே இல்லாமல் சொன்னாள்: "ரீனாக்காவே சேத்திருக்காக. அவுகளுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது? நல்லா விசாரிக்காமலா சேத்திருப்பாக?"

சபியாவுக்குப் பின்னால் இன்னும் நாலு வீடு. எல்லாரும் முதலில் ரீனா வீட்டுக்குத்தான் போயிருக்கிறார்கள். எந்தச் சாரைப் பார்க்கணும், வேன் எத்தனை மணிக்கு வரும் என்று அவளிடமே விசாரித்திருக்கிறார்கள். அவள் மறுபடியும் வீடு வீடாக ஏறி இறங்கினாள். டீ கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள், அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்கள். காலையில் பிள்ளையை மஞ்சள் வேனில் ஏற்றினார்கள். "திட்டுனாக்கூடப் பரவாயில்லக்கா. சிரிச்சுக்கிட்டே கேக்காக. செத்துரலாம்போல இருக்கு" என்றாள் என்னிடம். ஒன்றாம் வகுப்பில் இரண்டே பிள்ளைகள் மிஞ்சின. டீச்சரை மாற்றப்போகிறார்கள் என்றும் பேச்சு வந்துவிட்டது.

ஒரு திங்கட்கிழமை காலையில் ரீனா கம்பெனிக்குப் போகாமல் ஜெஸ்லினைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அங்கே நிறுத்தியாயிற்று, அக்காவோடு பேச்சுவார்த்தையும் முறிந்தாயிற்று, இனி இங்கேதான் என்றாள். டீச்சர் பெயரைச் சேர்த்துக்கொண்டார்.

செய்தி எப்படித்தான் பரவுமோ, அரை மணி நேரத்தில் சபியா வந்துவிட்டாள். கூடவே அந்த நாலு வீட்டுப் பெண்களில் இரண்டு பேர். சபியா முகத்தில் உண்மையான பயம். "ஏங்க்கா நிறுத்திட்டீக? அங்கன எதும் பிரச்சினையா? புள்ளைகள அடிக்காகளா? எதுன்னாலும் சொல்லுங்க. நாங்களும் இப்பவே நிறுத்திர்றோம்."

நான் சத்துணவுக் கூடத்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தனை பிள்ளைகளும் நாளைக்கே வந்துவிடும், டீச்சரும் தங்கிவிடுவார். நான் அவள் பக்கத்தில் போய், இடுப்பில் கிள்ளி, "ஆமான்னு சொல்லுடி" என்று காதில் சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன்.

ரீனா என் கையைத் தட்டிவிட்டாள். "இல்ல சபியா. அங்கன ஒரு கொறையும் இல்ல. நல்ல பள்ளிக்கூடம்தான். நல்லாச் சொல்லிக் குடுக்காக. எம்புள்ள நல்லாத்தான் படிச்சா."

"பின்ன ஏன் நிறுத்துனீக?"

"ஒங்கட்ட ஒண்ணு சொன்னேன், நான் ஒண்ணு செஞ்சேன். அந்த வெக்கத்த என்னால தாங்க முடியல. அம்புட்டுத்தான். நீ உம்புள்ளயப் பயமில்லாம அனுப்பு."

சபியா தன்னோடு வந்தவர்களைப் பார்த்தாள். 'அப்ப சரிக்கா' என்று சொல்லிவிட்டு, மனசு நிம்மதியாகித் திரும்பிப் போனாள். மஹ்ரீனை அவள் இங்கே அழைத்து வரப்போவதில்லை என்று அந்த நடையிலேயே தெரிந்துவிட்டது. பொய் சொல்லச் சொன்ன எனக்கு அங்கே நிற்கவே கூசியது.

ஜெஸ்லின் அதுவரை அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அந்த விரலை இழுத்தாள்.

"நான் நல்லாத்தானம்மா படிச்சேன்? பின்ன ஏன் என்னய மட்டும் நிறுத்துன?"

ரீனா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒன்றாம் வகுப்பு வாசலைப் பார்த்து நடந்தாள்.