ஒரு விமானமும் என் வீட்டுக்காரர் கையெழுத்தும்

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வீட்டுப் பேச்சு முழுக்க ஒரே ஒரு விமானத்தைப் பற்றித்தான். மந்தைவெளியில் மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்துகொண்டு விமானத்துக்காகத் தூக்கத்தைத் தொலைத்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். அக்கம்பக்கத்தில் கேஸ் வரவில்லை, தண்ணி லாரி வரவில்லை என்று புலம்புவார்கள். இந்தச் சனியனை எவனாவது வாங்கித் தொலைக்க மாட்டானா என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் விமானப் பராமரிப்பு எஞ்சினியர். தனியார் விமானக் கம்பெனிகள் முளைத்த சமயத்தில் தி.நகர் பெரிய மனுஷர் ஒருவர் ஒரே ஒரு விமானத்தை வைத்துக் கம்பெனி தொடங்கினார். அவரை நாங்கள் முதலாளி என்றே சொல்வோம். விமானம் டர்போபிராப். அதாவது ஜெட் எஞ்சின் மாதிரியே எரிந்து, முன்னால் இருக்கிற விசிறியைச் சுற்றவைக்கும் ரகம். ஒன்பது பேர் உட்காரலாம். வாங்கும்போதே பழசு. இரண்டு வருஷத்தில் கம்பெனி படுத்துவிட்டது. விமானிகள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள். விமானம் மீனம்பாக்கத்தில் ஒரு மூலையில் மழையையும் வெயிலையும் வாங்கிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்துக்கொள்ள இவரும், சைதாப்பேட்டைக்காரரான வயசான ஹெல்பர் ஒருவரும் மட்டும் மிச்சம்.

இவர் கையெழுத்துப் போட்டால்தான் அது தரையை விட்டுக் கிளம்பலாம். ஆனால் இவருடைய லைசென்ஸ் எல்லா விமானத்துக்கும் செல்லாது. பரீட்சை எழுதிப் பாஸ் செய்த ரகத்துக்கு மட்டும்தான். அந்த ரகமோ நாட்டில் அபூர்வம். ஐம்பதைத் தாண்டியவரை எவன் வேலைக்கு எடுத்துப் புது ரகம் படிக்கவைப்பான்? யாராவது வாங்கிப் பறக்கவிட்டால் இவரையும் கூட வைத்துக்கொள்வார்கள். பிரித்து உதிரிபாகமாக விற்றால், இவர் கையெழுத்துக்கும் என் கையெழுத்துக்கும் வித்தியாசம் கிடையாது. எங்கள் பிழைப்பு அதில்தான் இருந்தது.

வாங்க வந்தவர்களிடம் இவர் ஒன்று விடாமல் சொல்லிவிடுவார். இடது எஞ்சினைத் திறந்து பார்க்கிற வேலை சீக்கிரம் வரப்போகிறது, விசிறிகளை ஓவர்ஹாலுக்கு அனுப்ப வேண்டும், இறக்கைக்கு அடியில் அரிப்பு ஆரம்பித்திருக்கிறது என்று. வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். முதலாளிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட பொண்ணுக்கு ஆஸ்துமான்னு நாமளே சொல்வோமா சார்?"

"இது பொண்ணு இல்ல சார். மேல போய் நின்னா எறங்கித் தள்ள முடியாது" என்பார் இவர்.

கடைசியில் வடக்கத்திக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். மற்றவர்களை விரட்டிய அதே பேச்சு அவருக்குப் பிடித்துப்போயிற்று. பாக்கி வேலைகளைத் தானே செய்துகொள்வதாகவும், ஆனால் இந்த எஞ்சினியரும் விமானத்தோடு வர வேண்டும் என்றும் சொன்னார். ஒரே ஒரு தரம் பறந்து காட்ட வேண்டும். விஜயதசமி காலையில் வைத்துக்கொள்ளலாம் என்று முதலாளி நாள் குறித்தார். வடக்கே குளிருமே என்று நான் பாண்டி பஜாரில் போய் ஸ்வெட்டர் விலை விசாரித்தேன். எரிகிற வெயிலில் ஸ்வெட்டர் கேட்டவளைக் கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும், எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

விமானத்தின் இரண்டு பக்கமும், உடம்போடு உடம்பாக, குண்டூசித் தலை அளவில் சில ஓட்டைகள் உண்டு. வெளிக்காற்றின் அழுத்தம் அந்த வழியாக உள்ளே போனால்தான் உயரமும் வேகமும் காட்டுகிற கருவிகள் வேலை செய்யும். யாரும் அடைத்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஓட்டைகளைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம் வரைந்திருக்கும். நம் ஊரில் பூஜை போடுகிறவர் கையில் சந்தனக் கிண்ணத்தையும் கொடுத்து, எதிரில் அப்படி ஒரு வட்டத்தையும் காட்டினால் என்ன செய்வார்? பொட்டு வைக்க அதைவிட வாகான இடம் எங்கே இருக்கிறது? அதனால் வருஷாவருஷம் ஆயுத பூஜைக்கு இவரே முன்னால் நின்று, அந்த வட்டங்கள் மேல் டேப் ஒட்டி, பூஜை முடிந்ததும் உரித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை அன்று இவரை முதலாளி தி.நகர் ஆபீசில் உட்காரவைத்துவிட்டார், வாங்குகிறவருக்குப் பழைய ரிக்கார்டுகளைக் காட்டச் சொல்லி. விமானத்துக்குப் பூஜை இந்தத் தடவை வேண்டாம் என்றுதான் பேச்சு. சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, முதலாளியின் டிரைவர் ஒரு பையோடு மாடியேறி வந்தார். பொரி, கடலை, வாழைப்பழம், விபூதி. "ஏர்போர்ட் பூஜை பிரசாதம்" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

இவர் முகம் மாறிவிட்டது. உடனே முதலாளிக்கு ஃபோன் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். முதலாளிக்கு வெண்கலத் தொண்டை, அந்தப் பக்கம் பேசுவது எனக்கே கேட்டது.

"ப்ளேன்ல சந்தனம் கிந்தனம் வெச்சீங்களா சார்? வெச்சிருந்தா சொல்லிடுங்க. அந்த ஓட்டைலேருந்து போற குழாயைக் கழட்டி டெஸ்ட் பண்ணணும், அரை நாள் ஆகும்."

"ப்ளேன் கிட்டயே போகலை சார். ரூம்ல படத்துக்கு முன்னாடி பூஜை, அவ்வளவுதான். நிம்மதியா தூங்குங்க."

எவ்வளவு வாய் கூசாமல் சொன்னார். அரை நாள் தள்ளிப்போனால் வாங்குகிறவர் ஊருக்குக் கிளம்பிவிடுவார் என்ற பயம் அவருக்கு. உண்மையில் மயிலாப்பூரிலிருந்து ஒரு குருக்களைக் காரில் கூட்டிப்போய், விமானத்தின் மூக்கில், சக்கரத்தில், அந்த இரண்டு பக்கத்து வட்டத்தில் எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைக்கவைத்து, பிறகு ஹெல்பரை விட்டுத் துடைக்கச் சொல்லியிருக்கிறார். மேலே துடைத்துவிட்டார்கள். ஓட்டைக்குள் போனது போனதுதான், உள்ளேயே காய்ந்துவிட்டது.

மறுநாள் காலை இவர் விமானத்தைச் சுற்றிவந்து பார்த்தார். பளிச்சென்று இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு அவரும் ஏறிக்கொண்டார். வாடகைக்கு வந்த விமானி ஓட்ட, பின்னால் வாங்குகிறவரும் முதலாளியும். கிளம்பிக் கடல் பக்கம் திரும்பும்போது உயரம் காட்டுகிற முள் தரையில் நிற்கிற மாதிரியே நின்றது. விமானம் ஏற ஏற வேகத்தின் முள் குறைந்துகொண்டே வந்தது. அந்த முள்ளை நம்பி மூக்கைத் தாழ்த்தினாலும் ஆபத்து, இறங்கும்போது நம்பினால் அதைவிட ஆபத்து. ஓட்டை அடைத்துக்கொண்டால், ஆத்திர அவசரத்துக்கு விமானத்தின் உள்ளேயிருந்தே கருவிகளுக்குக் காற்று எடுக்க ஒரு வால்வு உண்டு. வருஷக்கணக்காக யாரும் தொடாததில் அது இறுகிக்கிடந்தது. இவர் எட்டி இழுத்தார், அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்ததில் திறந்தது. முட்கள் ஒரு குதி குதித்துச் சரியாயின. பத்திரமாக இறங்கிவிட்டார்கள்.

இறங்கியதும் இவர் ஒரு ஊசியால் ஓட்டையைக் கிண்டினார். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. வாங்குகிறவர் அதைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், காருக்குப் போய்விட்டார். ஹெல்பர்தான் இவரிடம் வந்து உடைந்துபோய்ச் சொன்னார்.

"மொதலாளி சொல்லாதன்னுட்டாரு சார். சந்தனம்தானே, தொட்ச்சா போயிடும்னு நென்ச்சேன். நான் இன்னாத்த கண்டேன்."

விமானத் துறை அதிகாரிகள் விசாரணை நடத்தினார்கள். முதலாளி போய், பராமரிப்பு முழுக்க எஞ்சினியர் பொறுப்பு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று கையைக் கழுவிவிட்டு வந்தார். இவர் ஃபோனில் பேசியதைப் பற்றி வாயையே திறக்கவில்லை. லைசென்ஸை நிறுத்திவைத்தார்கள். எத்தனை காலத்துக்கு என்பது அப்புறம் முக்கியமில்லாமல் போய்விட்டது, ஏனென்றால் வடக்கத்திக்காரர் திரும்ப வந்து, பறக்கிற விமானமாக வேண்டாம், எஞ்சினும் விசிறியும் கருவிகளும் மட்டும் போதும் என்று அடிமாட்டு விலைக்குக் கேட்டார். முதலாளி தலைமுழுகினால் போதும் என்று கொடுத்துவிட்டார்.

அதோடு விட்டார்களா? பிரிப்பதற்கு அந்த விமானத்தை அறிந்த ஆள் வேண்டுமாம். இவரையே தினக்கூலிக்குக் கூப்பிட்டார்கள். பிரிக்கிற வேலைக்கு லைசென்ஸ் தேவையில்லையாம். இவரும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அன்று ராத்திரி தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டேன்.

"அந்த ஆளு ஃபோன்ல பொய் சொன்னதை நான் காதால கேட்டேன். விசாரணைல நீங்க ஏன் சொல்லலை? உங்க தப்பு இதுல என்ன இருக்கு?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"நான் கையெழுத்துப் போட்டா, நான் பாத்தேன்னு அர்த்தம். கேட்டேன்னு இல்ல. சந்தேகம் வந்துச்சு, ஒருத்தர்கிட்ட கேட்டுட்டுப் போட்டுட்டேன். அவர் பொய் சொன்னார்ங்கிறது வேற விஷயம். லைசென்ஸைப் பிடுங்கினது சரிதான்."

முதலாளியை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் கூடச் சேர்ந்து திட்டி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார். அடுப்படியில் போய் நின்று அழுதேன். பறக்கிறவர்கள் எல்லாம் தங்கள் விமானத்துக்குக் கையெழுத்துப் போட இப்படி ஒரு ஆள்தான் வேண்டும் என்று கேட்பார்கள், அந்த ஆளைத்தான் இனிமேல் போடாதே என்று அனுப்பிவிட்டார்கள்.