மைக்கம்மா வாய் திறந்த ஞாயிறு

அவளை நேரில் பார்த்தவர்கள் அந்த ஊரில் குறைவு. அவள் குரலைக் கேட்காதவர்கள் இல்லை. பேருந்து நிலையத்தின் மூலையில், ஓர் ஆள் உட்காரவும் ஒரு மின்விசிறி சுற்றவும் மட்டுமே இடமிருந்த கண்ணாடிக் கூண்டுதான் அவள் வேலை பார்த்த இடம். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், எந்தப் பிள்ளை அம்மாவைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டிருக்கிறது என்று பத்தொன்பது வருடமாக ஒலிபெருக்கியில் சொல்லி வந்தாள். ஓட்டுநர்கள் அவளுக்கு மைக்கம்மா என்று பெயர் வைத்தார்கள். அதுவே வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தக் குரல் வெளியே வராது. இரும்புக்கடையின் மேல்மாடியில் நாற்பது பேர் கூடும் ஒரு சபைக்குக் கல்யாணமான நாளிலிருந்து போய்க்கொண்டிருந்தாள். அந்தச் சபையின் கொள்கை ரொம்பச் சுருக்கம். முதல் சீடர்களான அப்போஸ்தலர் காலத்துச் சபை செய்ததைச் செய். வேதத்தில் இல்லாததைத் தொடாதே. ஆகவே அங்கே இசைக்கருவி கிடையாது, சம்பளத்துக்குப் போதகர் கிடையாது. வாரா வாரம் ஆண்டவரின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் உண்டு, எல்லோருக்கும் ஒரே பாத்திரம். பெண்கள் முக்காடிட்டு உட்காருவார்கள். பாட்டில் சேர்ந்துகொள்ளலாம்; மற்றபடி கூட்டத்தில் வாய் திறக்கக் கூடாது.

அவளுக்கு அது பாரமாகத் தெரியவில்லை. "ஆறு நாள் கத்துற தொண்டைக்கு ஆண்டவர் குடுத்த லீவு" என்று சிரிப்பாள். ஆனால் சிரிப்புக்கு அடியில் ஒரு பயம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. சின்ன வயதில் அம்மா சொன்ன கதை ஒன்று. வேதத்தில் வருவது. யாரும் கை வைக்கக் கூடாது என்று கடவுள் சொன்ன உடன்படிக்கைப் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மாடு மிரண்டது. பெட்டி விழுந்துவிடப் போகிறதே என்று ஊசா என்பவன் கையை நீட்டிப் பிடித்தான். அந்த இடத்திலேயே செத்தான். "நல்லதுக்குத்தானேம்மா பிடிச்சான்?" என்று கேட்டாள். "நல்லதோ கெட்டதோ, தொடாதேன்னா தொடக் கூடாது" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு எதற்குக் கை நீட்டும்போதும் அவளுக்கு ஒரு கணம் நெஞ்சு திக்கென்றது.

அவளுக்கு ஒரே தம்பி. மூன்று வயதில் வந்த காய்ச்சல் அவன் காதை எடுத்துக்கொண்டது. பேச்சும் கூடவே போயிற்று. மோதி நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்தும் பட்டறையில் அவனுக்கு வேலை. அவன் கை பேசுவதை முழுசாகப் புரிந்துகொள்கிறவள் உலகத்தில் அக்கா ஒருத்திதான். சபையில் அவன் ஆண்கள் பக்கத்து ஓரத்தில் உட்காருவான். அவள் பெண்கள் பக்கத்து ஓரத்தில் உட்கார்ந்து, பிரசங்கத்தை மடியிலேயே கையசைத்துச் சொல்லுவாள். மடியில் நடப்பதைச் சபையும் பார்த்தும் பாராததுபோல இருந்தது.

ஒரு நாள் தம்பி, தான் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்றான். அப்போதுதான் சிக்கல் வந்தது. ஞானஸ்நானம் எடுக்கிறவன் சபைக்கு முன்னால் தன் விசுவாசத்தைத் தன் வாயால் அறிக்கை செய்ய வேண்டும் என்பது அங்கே விதி.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் சபையின் மூத்தவர் வீட்டுக்கு வந்தார். நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் 'ஐயா'. அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். கொடுத்த காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"எழுதிக் குடுக்கட்டுமே, நான் வாசிக்கிறேன்" என்றார்.

"அவன் எழுத்து ரெண்டு வரிக்கு மேல போகாதுங்க ஐயா" என்றார் அவள் கணவர். மின்கம்பம் ஏறும் லைன்மேன் அவர். "இவதான் சொல்லணும். வேற யாருக்கும் தெரியாது."

ஐயா அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "சகோதரி எழுந்து பேசினா, நாளைக்கு இன்னொருத்தர் இன்னொண்ணு கேப்பாங்க. எல்லைக் கல்லு ஒண்ணை நகர்த்தினா அப்புறம் எந்தக் கல்லும் அதோட இடத்துல நிக்காது. நான் கண்ணால பார்த்திருக்கேன்."

"நான் பேசலைங்க ஐயா" என்று அவள் அவசரமாகச் சொன்னாள். "இவரே சொல்லட்டும். நான் சொல்லித் தர்றேன்."

மூன்று வாரம் கணவருக்குப் பாடம் நடந்தது. கம்பியும் இடுக்கியும் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள் வளைய மறுத்தன. 'விசுவாசம்' என்று அவர் காட்டினால் 'சாக்குமூட்டை' என்று வந்தது. தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். 'மச்சான் கை இன்னும் கம்பத்துலயே நிக்குது' என்று காட்டினான். கடைசியில் சின்னச் சின்னதாக நாலு பதில்களை உருப்போட்டார்கள்.

அந்த ஞாயிறு வந்தது. ஞானஸ்நானத்துக்கு முழுக்கி எடுக்கும் பின்கட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரம்பியிருந்தது. தம்பி வெள்ளைச் சட்டையில் முன்னால் நின்றான். பக்கத்தில் மச்சான். முதல் இரண்டு கேள்விகள் நல்லபடியாகவே போயின. மூன்றாவதாக ஐயா, "ஏன் ஞானஸ்நானம் எடுக்க வர்றே?" என்று கேட்டார்.

தம்பிக்கு உருப்போட்டதெல்லாம் மறந்துவிட்டது போலும். இல்லை, அது அவனுக்குப் போதவில்லையோ என்னவோ. கைகள் பறக்கத் தொடங்கின. கணவர் திருதிருவென்று விழித்தார்.

"அவன்... சுத்தியலால அடிச்சிருக்கான்..." என்றார். "ஆள் செத்துட்டாராம். இவன்தான் கொன்னானாம்."

பெஞ்சில் ஒருத்தி தன் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஐயாவின் முகத்தில் ஈயாடவில்லை. "யாரை?" என்றார்.

தம்பிக்கு என்ன சொல்லப்பட்டது என்று தெரியாது. முகங்கள் மாறியதுதான் தெரிந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவன் அவளிடம் வந்து நின்றான். 'அக்கா' என்று காட்டினான்.

அவளுக்கு ஊசா ஞாபகம் வந்தான். எழுந்தால் செத்துப்போவோம் என்று நிஜமாகவே நினைத்தாள். பேச்சுக்குச் சொல்வதல்ல, இந்தப் பெஞ்சுக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிடுவோம் என்று. முக்காட்டை இழுத்து இறுக்கினாள். எழுந்தாள்.

"யாரையும் கொல்லலை!"

மெதுவாகப் பேசிப் பழகாத தொண்டை. குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. கீழே இரும்புக்கடை வாசலில் நின்ற ஆள்கூட நிமிர்ந்து பார்த்திருப்பான். தம்பி மறுபடி ஆரம்பித்தான். அவன் கையைப் பார்த்தபடியே, அவன் சொல்வதை அவனாகவே சொன்னாள்.

"நான் தினமும் சுத்தியல் பிடிக்கிறவன். அந்தச் சத்தம் எனக்குக் கேட்காது, அதிர்வு மட்டும் எலும்புல தெரியும். சிலுவையில ஆணி அடிச்ச கை யாரோடதுன்னு ஒரு நாள் யோசிச்சேன். என் கைதான்னு பட்டுச்சு. என் பாவந்தான் அவரைக் கொன்னுச்சு. எனக்குப் பயமா இருக்கு. செத்தப்புறம் அங்கே போயும், எல்லாரும் பேசுறது புரியாம நான் ஓரமா நிப்பேனோன்னு பயம். அவர் ஒரு செவிடனோட காதுல விரல் வெச்சார்னு அக்கா சொன்னா. என்னையும் தொடுவார்னு நம்புறேன். அதான் வந்தேன்."

அக்கா சொன்னா என்ற இடத்தில் மட்டும் குரல் உடைந்தது.

ஐயா தம்பியின் கைகளையே பார்த்தார். பிறகு, "இது அவன் வார்த்தையா, உன் வார்த்தையா?" என்று கேட்டார். கேள்வியைத் தம்பிக்குக் கையால் காட்டினாள். அவன் தன் நெஞ்சில் ஓங்கி ஓர் அடி அடித்துக்கொண்டான். தொட்டிக்குப் போனார்கள்.

அவள் சாகவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க எந்த மூலையிலிருந்து அடி விழுமோ என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தாள். மகள் பள்ளியிலிருந்து வரப் பத்து நிமிடம் தாமதமானாலும் வாசலுக்கு ஓடினாள். பட்டறை எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்கக் கை வரவில்லை. புதன்கிழமை காலை கூண்டில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். குரலே இல்லை.

எதிர்பார்த்துக்கொண்டிருந்த அடி விழுந்துவிட்டது என்றே நினைத்தாள். டாக்டர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்து, "வீங்கியிருக்கு. நாலு நாள் பேசாதீங்க" என்றார். அவர் சொன்னது காதில் ஏறவே இல்லை.

வெள்ளிக்கிழமை ஐயா வந்தார். இந்தத் தடவை காபியை வாங்கியதும் குடித்துவிட்டார்.

"தண்டனைன்னு நினைச்சுக்கிட்டிருக்கே, இல்லையா?"

அவள் தலையாட்டினாள்.

"தப்புக்கெல்லாம் தொண்டை கட்டினா இந்த ஊர்ல ஒருத்தன் பேச முடியாது" என்றார். பிறகு வேதத்தை விரித்தார். வாசிக்கவில்லை, விரல் மட்டும் அலைந்தது. "பெண்கள் பேசக் கூடாதுன்னு இருக்கிற அதே அதிகாரத்துல, புரியாத பாஷையில பேசுறவனுக்கு அர்த்தம் சொல்ல ஆள் இருக்கணும்னும் இருக்கு. அந்த ஆள் ஆணா பெண்ணான்னு இல்லை. அந்தக் காலத்துச் சபைக்கு எழுதின அதே நிருபத்தோட கடைசியில முத்தம் குடுத்து வாழ்த்தணும்னு இருக்கு. நாம கைதான் குலுக்குறோம். எது என்னைக்கும் மாறாத கட்டளை, எது அந்தக் காலத்துப் பழக்கம்? அந்தக் கோடு எங்கே போகுதுன்னு நாலு நாளாத் தேடுறேன். வாழ்நாள் பூரா நிலம் அளந்தவன், எனக்கே தெரியலை."

வேதத்தை மூடினார். "எனக்கும் பயந்தான்மா. தப்பாத் தடுத்தாலும் நான் கணக்குச் சொல்லணும். தப்பா விட்டாலும் நான்தான் சொல்லணும்."

அவளை அவர் 'அம்மா' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் அழுதாள். சத்தம் வரவில்லை.

திங்கட்கிழமை குரல் திரும்பியது, கொஞ்சம் கரகரப்போடு. சபையில் மூத்தவர்கள் கூடிப் பேசி, தம்பி பேசும்போது மட்டும் அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லலாம் என்று முடிவெடுத்தார்கள். இரண்டு குடும்பங்கள் அதை ஏற்காமல் விலகிப் போயின. அதில் ஒருத்தி அவளுக்குப் பதினேழு வருட சிநேகிதி. இப்போதும் பேருந்து ஏற வருகிறாள். கூண்டுப் பக்கம் திரும்புவதில்லை. அந்த வண்டியை அறிவிக்கும்போது மைக்கம்மாவுக்கு ஒரு சொல் தடுக்கும்.

தம்பி இப்போது மாதத்துக்கு ஒரு தடவையாவது ஜெபிக்கக் கை தூக்குகிறான். சில ஞாயிறுகளில் நீளமாகவே போகிறான். பட்டறையில் யார் யார் கடிந்துகொண்டார்கள் என்பது வரை ஆண்டவரிடம் சொல்லிவிடுகிறான். அதையும் அவள் நாற்பது பேருக்கு முன்னால் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

போன மாதம் வீட்டுக்கு நடந்து வரும்போது, "இன்னும் பயமா இருக்கா?" என்று கணவர் கேட்டார்.

"சனிக்கிழமை சாயங்காலமே ஆரம்பிச்சிடுது" என்றாள். "கை ஐஸ் மாதிரி ஆயிடும். அவன் கையைத் தூக்குவான். வேற என்ன பண்றது, சொல்லிடுறேன்."