விரதம் என்று நான் சொன்ன பொய்

கொடைக்கானலுக்கு மேலே பூண்டு விவசாயம் செய்யும் குடும்பம் எங்களுடையது. என் முதல் பிரசவத்தில் இரண்டு நாள் வலி எடுத்ததில் உள்ளே கிழிந்து, அன்றிலிருந்து சிறுநீர் தானாகவே கசிந்தது. சாமி குத்தம் என்று நினைத்து நான்கு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. கசிவு குறைய வேண்டுமென்று பகலெல்லாம் தண்ணீரே குடிக்க மாட்டேன். கேட்டால், முருகனுக்கு விரதம் என்பேன்.

ஒருநாள் பூண்டுக் காட்டில் மயங்கி விழுந்தேன். தூக்கிய நாத்தனார் ஈரச் சேலையைப் பார்த்துவிட்டாள்.

“எம்புட்டு விரதந்தான் மதினி இருப்பீங்க? முருகனுக்கே சலிச்சுப் போயிரும். வெரசா கெளம்புங்க!” என்று ஜீப்பில் ஏற்றினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, “சாமி குத்தமெல்லாம் இல்லம்மா. மூத்திரப் பையில ஓட்டை விழுந்திருக்கு, ஆபரேஷன்ல தைச்சுச் சரி பண்ணலாம்” என்றார்.

ஆபரேஷன் முடிந்து, மூத்திரம் வடிய வைத்திருந்த டியூபைச் சில வாரம் கழித்து எடுத்தார்கள். மறுநாள் காலை படுக்கை காய்ந்திருந்தது. அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. விரிப்பைத் தடவிக்கொண்டே கிடந்தேன்.

இப்போது பிறந்த பிள்ளையைப் பார்க்கப் போகும் வீட்டில் எல்லாரும் குழந்தையைத் தூக்குகிறார்கள். நான் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, “ஒன்னுக்கு அடக்க முடியுதா தாயி?” என்றுதான் முதலில் கேட்கிறேன்.